முப்பத்தோராம் வாக்கியம்

— முதல் சங்கதி, என்ர வாக்கியத்தில இலக்கணப் பிழை இல்லை. அதை எழுதி வையும்.

— யாரு சார் இருக்குன்னு சொன்னா?

— ஏழு முறைப்பாடு எண்டு நீர்தானே சொன்னீர்?

— ஏழு புகார் வந்திருக்குன்னுதான் சொன்னேன். இலக்கணப் புகார்னு சொல்லலியே. ஏதேதோ கிறுக்குத்தனம். 'பிழை எதுவும் இல்லை, நன்றி'ன்னு வழக்கமான பதிலைப் போட்டு ஆறை மூடிட்டேன். இன்னைக்குக் காலைல வந்த ஏழாவதை இன்னும் பார்க்கவே இல்ல. பிரச்சினை அது இல்ல சார். ஒரே பக்கத்துக்கு ஏழு புகார்ங்கிறதால எங்க எடிட்டர் கிளடிஸ் மேடம் கண்ணுல பட்டுருச்சு. 'ரோகிணி, கீப்ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கான அந்த உதாரணப் பக்கத்தை முழுசா படிச்சு முடி, பன்னிரண்டு மணிக்குப் பூட்டிடலாம்'னுட்டாங்க. பூட்டினா ஒரு வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது.

— பூட்டட்டும். எனக்கென்ன? பதினெட்டு வருஷம் ஸ்காபரோவில சீனச் சனத்துக்கு இங்கிலீஷ் படிப்பிச்சவன் இந்தக் குலசிங்கம். அவை எந்த இடத்தில தடக்கி விழுவினம் எண்டு எனக்குத் தெரியும். நாய் வளக்கிறதுக்கு அவையளுக்கு ஒரு சொல். இரகசியம் காக்கிறதுக்கு வேற சொல். நிக்காமல் நடந்துகொண்டிருக்கிறதுக்கு இன்னொண்டு. இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் ஒரு கீப்புக்குள்ள அடைஞ்சு வைச்சிருக்கிறான். அந்தப் பிள்ளையள் பாவமெல்லே? அதுக்குத்தான் நாப்பது வாக்கியம். விளங்குதோ?

— எங்க கரூர்ப் பக்கம் கீப்புன்னா வேற ஒரு அர்த்தமும் உண்டு சார். அதை விட்டுட்டீங்க.

— கதையை விடும். பன்னிரண்டு மணிக்குப் பூட்டப்போகினம், உமக்குப் பகிடி.

— சும்மா சொன்னேன் சார். கோவிச்சுக்காதீங்க. வாரத்துல நான் வாயத் திறந்து தமிழ் பேசுறதே வியாழக்கிழமை உங்ககிட்டதான். அதுல ஒரு ஜோக்காவது சொல்லிக்கறேன்.

— சரி, சரி. சொல்லும். என்ன பிரச்சினை?

— போன வருஷம் நீங்க வாரத்துக்குப் பத்தா அனுப்பினீங்க. நானும் பத்துப் பத்தா பார்த்து ஓகே போட்டுட்டேன். இன்னைக்குத்தான் நாப்பதையும் ஒரே மூச்சுல படிச்சேன்.

— ம்.

— படிச்சா ஒரு வீடு தெரியுது சார்.

— என்ன வீடு?

— தமிழ்லயே சொல்றேன், அப்பத்தான் எனக்கே காதுல விழுது. ஒன்பதாவது: 'அப்பா வாசல் விளக்கை விடியுற வரைக்கும் எரியவிட்டு வச்சிருக்கார்.' பதினொண்ணு: 'சாவியைப் பழைய இடத்துலேயே வச்சிருக்கோம், கறுப்பு ஷூவுக்குள்ள.' இருபத்திரண்டு: 'மயூரியோட ரூமை நாங்க தூசு தட்டி வச்சிருக்கோம்.' டாம், லூசி, மிஸ்டர் வாங். இந்த மூணு பேரைத் தவிர வேற பேரே போடக்கூடாதுன்னு விதி இருக்கு. மயூரி யாரு சார்?

— அது சும்மா ஒரு பேர்.

— சார்.

— எழுதேக்க வந்திட்டுது. மாத்திவிடும்.

— சும்மா வந்த பேருக்கு யாரு சார் ரூம் தூசு தட்டுவா? சார், லைன்ல இருக்கீங்களா?

— இருக்கிறன். மயூரி என்ர மகள். சீனாவில குன்மிங் எண்டொரு ஊரில, பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிப்பிக்கிறாள்.

— உங்களுக்குப் பொண்ணு இருக்கறதையே நீங்க சொன்னதில்லயே. ஒன்றரை வருஷமா பேசுறோம்.

— கதைச்சால்தானே பிள்ளை, இருக்கிறாள் எண்டு சொல்லலாம். மூண்டு வருஷமா அவள் என்னோட கதைக்கிறேல்லை. வட்ஸ்அப்பில எழுதினால் ஒற்றைச் சரி அடையாளத்தோட நிக்குது. பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் அனுப்பினன். ரெண்டு மாதம் கழிச்சு, போன மாதிரியே திரும்பி வந்தது. கயிறுகூட நான் கட்டின முடிச்சோட.

— அதனால எக்ஸாம்பிள் சென்டென்ஸுல லெட்டர் எழுதறீங்க.

— என்ர தங்கச்சியின்ர மகன் கீதன்தான் சொன்னவன், அந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற ஆக்களெல்லாம் உங்கட தளத்திலதான் உதாரணம் எடுக்கினமாம் எண்டு. அடுத்த கிழமையே உங்களுக்கு விண்ணப்பம் போட்டன். கீப் எனக்கு வேணும் எண்டு கேட்டு வாங்கினன். எட்டாம் வகுப்புக்கு அதைப் படிப்பிக்காமல் ஒருத்தரும் தப்பேலாது. அவள் எப்படியும் இந்தப் பக்கத்துக்கு வரவேணும்.

— வந்தாங்களா?

— எனக்கென்னெண்டு தெரியும்? கிணத்துக்குள்ள கல்லுப் போட்டால் சத்தமாவது கேக்கும்.

— பத்து லட்சம் பேர் படிக்கிற பக்கம் சார் இது. உங்க வீட்டுச் சாவி எந்த ஷூவுல இருக்குன்னு பத்து லட்சம் பேருக்குத் தெரியும்.

— எந்தத் தெருவில எந்த வீடு எண்டு போடேல்லையே. சீனாவில இருந்து கள்ளன் வாறதெண்டால் வரட்டும். வாறவனுக்குத் தேத்தண்ணி வைச்சுக் குடுப்பன்.

— இருபத்திரண்டுல 'நாங்க'ன்னு போட்டிருக்கீங்க. நீங்க தனியாத்தானே இருக்கீங்க? உங்க வைஃப் இறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே.

— ஓம். சந்திரவதனா. வாற மாசியோட மூண்டு வருஷம்.

— அப்ப அது இறந்தகாலத்துலதானே வரணும்?

— இறந்தகாலம் அடுத்த பக்கம். அதை இன்னும் எழுதேல்லை.

— சாரி சார். நான் கேட்டிருக்கக் கூடாது.

— கேட்டது கேட்டாச்சு. இனி முழுக்கக் கேளும். அவவுக்கு கான்சர். கண்டுபிடிக்கேக்க இனி நாலு மாதம்தான் எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். மயூரிக்கு அது முதல் வேலை. அங்க போய் ஆறு கிழமை ஆகேல்லை. எங்கட சனத்தின்ர பழக்கம் உமக்கும் தெரிஞ்சிருக்கும். தூரத்தில இருக்கிற பிள்ளைக்கு வருத்தம் துன்பம் ஒண்டும் சொல்லமாட்டம். 'எல்லாரும் சுகம், நீ கவனமா இரு.' வீடு பத்தி எரிஞ்சாலும் அதுதான் பதில்.

— எங்க ஊர்லயும் அப்படித்தான் சார். எங்க தாத்தா செத்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. 'எதுக்கு லீவு போட்டுக்கிட்டு'ன்னாங்க.

— நானும் அப்பிடித்தான். அவள் போனில 'அம்மா எங்க' எண்டு கேட்டால், 'குளிக்கிறா', 'கோயிலுக்குப் போட்டா'. குரல் மெலிஞ்சிருக்கு எண்டால், 'தடிமன்.' கடைசியில செத்தவீட்டுக்கு அடுத்த நாள்தான் அவளாலை வந்து சேர ஏலுமாயிருந்தது. கதவடியில நிண்டு ஒரு வசனம் சொன்னாள். 'என்ர அம்மாவை என்னட்டையிருந்து களவெடுத்துப்போட்டியள் அப்பா.' எட்டு நாள் இருந்தாள். பிறகு ஒரு சொல்லும் இல்லை.

— நீங்க ஏன் சார் சொல்லல? முன்னாடியே, கடைசி மாசமாவது?

— சொல்லத்தான் வெளிக்கிட்டனான். டிக்கெட்கூடப் பாத்தனான். சந்திரவதனா விடேல்லை. என்ர கையை இழுத்துத் தன்ர தலையில வைச்சு, சத்தியம் பண்ணச் சொன்னவ. 'நான் இப்பிடிக் கிடக்கிறதை என்ர பிள்ளை பாக்கக்கூடாது. அவளுக்குச் சொன்னியள் எண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன்' எண்டு. கடைசியில ரெண்டு பேரும் என்னோட கதைக்கேல்லை.

— ஐயையோ! அப்ப அது உங்க முடிவே இல்லயா? இதை மயூரிகிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதே சார்!

— முடியாது பிள்ளை. அப்ப அவளின்ர கோவம் தாயிலை திரும்பும். செத்தவள் எழும்பி வந்து விளக்கம் சொல்லுவாளோ? நான் இருக்கிறன். உயிரோட இருக்கிறவனில கோவிக்கட்டும். என்னிலை எண்டால் ஒரு நாளைக்கு ஆறலாம்.

— முப்பத்தொண்ணாவது வாக்கியம் இப்பத்தான் புரியுது. 'அவர் கொடுத்த வாக்கைக் காப்பாத்துறார், மகளை இழக்கிறார்.' யாருக்குக் கொடுத்த வாக்குன்னு அதுல இல்ல.

— இருக்கக்கூடாது. அதுக்குத்தான் அப்பிடி எழுதினது. எத்தனை மணி இப்ப?

— பதினொண்ணு இருபது.

— சரி, மாத்துவம். உம்மட வேலைக்கு என்னாலை கரைச்சல் வேண்டாம். ஒன்பது: 'டாம் விளக்கை எரிய வைத்திருக்கிறார்.'

— டாம் எதுக்கு சார் எரிய வைக்கிறார்?

— டாமுக்கு ஒரு காரணமும் இல்லை. நிப்பாட்ட மறந்துபோனார். பதினொண்டு: 'லூசி சாவியைக் கைப்பையில் வைத்திருக்கிறாள்.' இருபத்திரண்டு: 'மிஸ்டர் வாங் தன் அறையைச் சுத்தமாக வைத்திருக்கிறார்.' போட்டாச்சோ?

— போட்டுட்டேன்.

— பாத்தீரோ, என்ன வடிவாயிருக்குது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது.

— அந்த வீடு போயிருச்சு சார். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். காலைல நாப்பதையும் படிச்சு முடிச்சப்ப, அந்த வீட்டுக்கு நானே போயிடலாமான்னு இருந்துச்சு. இங்க யூனியன்வில்ல நான் இருக்கறது ஒரு பேஸ்மென்ட். ஜன்னல்ல பார்த்தா கார் டயர்தான் தெரியும். எந்த டயர் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு எனக்கு மனப்பாடம். எனக்காக விளக்கெல்லாம் யாரும் எரிய விடல.

— உமக்குத்தான் சாவி இருக்கிற இடம் தெரியுமே. ஒரு நாளைக்கு வாரும். புட்டு அவிப்பன்.

— வரேன் சார். சத்தியமா வரேன். சரி, அடுத்தது பதினாலு. 'அம்மாவுக்குச் சுகர். அதனால அப்பா சர்க்கரையை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கார்.' அட, இதுதானா அது! இதுக்குத்தான் சார் அந்தக் கிறுக்குப் புகார் வந்துச்சு.

— என்ன புகார்?

— யாரோ ஒரு டீச்சர். இருங்க, மூடினதைத் திறக்கிறேன். 'பதினான்காம் வாக்கியம் தவறு. சர்க்கரை அரிசி வாளியில் இல்லை.' இதுக்கு நான் என்ன சார் பதில் சொல்றது? உதாரணத்துல இருக்கற சர்க்கரை எங்க இருந்தா இவங்களுக்கு என்ன?

— வேற... வேற என்ன எழுதியிருக்கு?

— 'அதை அம்மா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். அதில் பாதியை ஒரு ஜாம் பாட்டிலில் எடுத்துத் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்பாவுக்கு அது தெரியாது.'

— பொறும்.

— சார்?

— வையாதையும். போனை வைக்காதையும், பொறும்.

— சார், எங்க போறீங்க? படியேறுற மாதிரி சத்தம் கேக்குது. மெதுவா சார்! சார்? என்னத்தைப் போட்டு உருட்டுறீங்க?

— கிடக்கு.

— எது சார்?

— போத்தில். விளாம்பழ ஜாம் போத்தில். நூல்கட்டையளுக்குப் பின்னாலை. மூண்டு வருஷமா இந்த மெஷினுக்கு மேலதான் நான் உடுப்பு மடிச்சு வைக்கிறன். சீனி கட்டிபட்டுப்போச்சுது. உள்ளுக்கை ஒரு தேக்கரண்டியும் கிடக்கு. தேக்கரண்டி காணேல்லை எண்டு நான் எத்தினை நாள் தேடியிருப்பன்! பொல்லாத மனுசி. தாயும் மகளுமாச் சேந்து என்னை ஏமாத்தியிருக்கினம்.

— சார், ஒரு நிமிஷம். அந்தப் புகாரோட ஊர்... குன்மிங்.

— குன்மிங்கோ?

— ஆறு புகாரும் ஒரே ஆள் சார். நான் ஊரைப் பார்க்கவே இல்ல. பேருக்குப் பதிலா நம்பர்தான் வரும். பதினொண்ணுக்கு ஒரு புகார்: 'அந்த ஷூ கறுப்பு இல்லை, பிரவுன்.'

— கறுப்புத்தான். வெயிலுக்க கிடந்து மங்கினது.

— இருபத்திரண்டுக்கு: 'கட்டிலுக்கு அடியிலும் தூசு தட்ட வேண்டும்.' ஒன்பதுக்கு: 'விடிந்ததும் அணைக்கிறாரா என்று குறிப்பிடவும்.' எல்லாத்துக்கும் நான் 'பிழை எதுவும் இல்லை, நன்றி'ன்னு அனுப்பியிருக்கேன். ஆறு தடவை. மன்னிச்சுக்கோங்க சார். எட்டு மாசமா அவங்க உங்க கதவைத் தட்டியிருக்காங்க. நான் உள்ள நின்னுக்கிட்டு 'யாரும் இல்ல'ன்னு சொல்லியிருக்கேன்.

— அழாதையும் பிள்ளை. உமக்கென்ன தெரியும்? அவள் எழுதியிருக்கிறாள் எல்லே. எழுதியிருக்கிறாள். நான் அங்க கல்லுப் போட்டனான், தண்ணியில விழுந்திருக்குது.

— எல்லா வாக்கியத்தையும் பழையபடி மாத்திடறேன் சார். டாமும் வாங்கும் போகட்டும். கிளடிஸ் மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். வாசகர் புகார் ஒண்ணு திறந்திருந்தா பக்கத்தைப் பூட்ட முடியாதுங்கறது அவங்க போட்ட விதிதான்.

— எல்லாத்தையும் மூடிப்போட்டன் எண்டனீர்?

— ஆறைத்தான் சார் மூடினேன். காலைல வந்த ஏழாவது இன்னும் திறந்துதான் இருக்கு. அதுவும் அதே நம்பர். முப்பத்தொண்ணாவது வாக்கியத்துக்கு. பதில் எழுத இருநூறு எழுத்து இடம் இருக்கு.

— என்னெண்டு எழுதியிருக்கிறாள்? வாசியும். ஒரு சொல்லும் விடாமல் வாசியும்.

— இங்கிலீஷ்லதான் எழுதியிருக்காங்க. 'முப்பத்தொன்றாம் வாக்கியம் முழுமையாக இல்லை. யாருக்குக் கொடுத்த வாக்கு என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' அதுக்குக் கீழ ஒரே ஒரு சொல்லு மட்டும் தமிழ்ல இருக்கு சார், உங்க பேச்சு மாதிரியே: 'அம்மாவுக்கோ?'