பனிக்குள் ஒரு சுற்று

— தார்ப்பாயை ஏன்டா எடுத்தே? மத்தியானம் மியூசியம் ஆளுங்க வந்து வண்டியை ஏத்திக்கிட்டுப் போகட்டும்.

— அதில்லக்கா, கிளப்பிப் பார்த்தேன். முதல் உதையிலயே பேசுது. ஏரியைச் சுத்தி ஒரே ஒரு சுத்து. வாயேன்.

— ஆமாமா, எனக்கு வயசு திரும்புது பாரு. முட்டியை மடக்கணும்னா அதுகிட்ட முந்தின நாளே சொல்லி வைக்கணும்.

— ஏரிப் பந்தயத்துல ஓடின சைடுகார் வண்டிங்கள்ல மிச்சம் இது ஒண்ணுதான். பக்கத்துல ஒட்டியிருக்கற இந்தப் பலகையில உன்னை விட்டா யாருக்கா ஏறுவா?

— என் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டிக்கோ.

— மணல் மூட்டை தானா சாயாதேக்கா. இடது வளைவுல நீ வெளிய தொங்கணும், வலது வளைவுல என் முதுகு மேல விழணும். இல்லேன்னா கவிழ்ந்துடும்.

— யாருக்குடா பாடம் எடுக்கறே? ஊரு கைதட்டினது உனக்கு, முழங்கை தேஞ்சது எனக்கு.

— அதான் கேக்கறேன். கோப்பையைத் தூக்கின அன்னிக்கு இறங்கினே. அப்புறம் ஏறவே இல்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்?

— ஒண்ணும் பண்ணல. டேய், கையுறை உன் காலடியிலதான் கிடக்கு. எங்கெங்கயோ தடவறியே?

— இருட்டா இருக்குக்கா.

— பொழுது விடிஞ்சு கதவும் திறந்து கிடக்கு. என்னைப் பாரு. என் ஸ்வெட்டர் என்ன நிறம்?

— வெள்ளை.

— சிவப்புடா. எத்தனை நாளா இப்படி?

— நடுவுல மட்டும்தான் போச்சு, ஓரம் தெரியுது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அதுவும் போறதுக்குள்ள ஒரு சுத்து, அவ்வளவுதான் கேக்கறேன்.

— கண்ணு தெரியாம ஓட்டுவானாம்! வெளிய பனி கொட்டுது, எனக்கே வேலி தெரியல.

— கோப்பை ஜெயிச்ச அன்னிக்கும் இதே பனிதானேக்கா? வெள்ளைத் துணிக்குள்ள நுழைஞ்ச மாதிரி. நம்ம வண்டிச் சத்தம் நமக்கு முன்னால ஓடுச்சு, நாம பின்னாடியே போனோம். எத்தனை பேரு ஓரங்கட்டினாங்க! நாம விடலியே.

— விடலதான்.

— ஏன் தெரியுமா? நான் ரோட்டைப் பார்க்கவே இல்ல. நீ வெளிய தொங்கினா இடது, முதுகுல சாஞ்சா வலது. உனக்கு ஏதோ தெரியுதுன்னு உன் எடையை நம்பித் திருப்பினேன். இன்னிக்கும் அது போதும். வாட்ச்மேன்கிட்டச் சொல்லி ஏரி ரோட்டு ரெண்டு கேட்டையும் பூட்டியாச்சு, குறுக்க ஈ காக்கா வராது. நடக்கற வேகத்துலதான் போவேன்.

— இரு, இரு. என்ன சொன்னே? மறுபடி சொல்லு.

— நீ சாஞ்ச பக்கம் திருப்பினேன்.

— நீ திருப்பின பக்கம்தானேடா நான் சாஞ்சேன்?

— விளையாடாதக்கா.

— பயத்துல கண்ணை இறுக்கி மூடிட்டேன்டா. முடிவுக் கோட்டைத் தாண்டி ஜனங்க கத்தினப்புறம்தான் திறந்தேன். உன் தோள் இறங்கினா சாயறது, எனக்குத் தெரிஞ்சது அதுதான். கண்ணை மூடிக்கிட்டிருந்தவளுக்கு எதுக்குக் கோப்பைன்னு கூச்சம். அதான் திரும்ப ஏறல.

— உன் எடை மாறினப்புறம்தானேக்கா நான் தோளையே இறக்கினேன்!

— அப்படியா?

— அப்ப அத்தனை வளைவையும் யாருக்கா திருப்பினது?

— கையைக் கொடு, ஏறிக்கறேன். மெல்ல... முட்டி, முட்டி! ம், இப்ப உதை. யாரா இருந்தாலும், இன்னும் அந்தப் பனிக்குள்ளதான் இருப்பாங்க.