பக்கத்தில் நின்ற குதிரை

டெக்சாஸில், இர்விங் போகும் ரயிலில் எதிர் சீட்டில் ஆபீஸ் பேட்ஜோடு இரண்டு தமிழ்ப் பெண்கள். நான் போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

“என் பொண்ணு கனடா குதிரைப் போலீஸுக்கே மெயில் போட்டுட்டாடி, குதிரை ரிட்டயர் ஆனா என்ன பண்ணுவீங்கன்னு.”

“ஐயோ! ரிப்ளை வந்துச்சா?”

“ஒவ்வொரு கேள்விக்கும் வந்துச்சு. பரேடுல வருஷக்கணக்கா பக்கத்துல பக்கத்துல நின்ன குதிரைங்கன்னா பிரிக்க மாட்டாங்களாம். பிரிச்சா சரியா சாப்பிடாதாம். அதனால ரெண்டையும் ஒரே பண்ணைக்கு அனுப்பிடுவோம்னு ஒரு ஆபீசர் எழுதியிருக்கார்.”

“சூப்பர்ல! ஒரு குதிரைக்கு எவ்ளோ யோசிச்சுப் பண்றாங்க பாரு.”

“நானும் அதையேதான் சொன்னேன். உடனே இவ கேக்கறா, ‘நியூ ஜெர்சில அப்பா தனியா இருக்கார்ல, அவர் ஆபீஸுக்கும் ஒரு மெயில் போடட்டுமா?’ன்னு.”