அம்பலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் தேநீருக்குக் குறையே கிடையாது ஐயா. நானும் மாப்பிள்ளையும் நாலு மணிக்கு ஒன்றாகத்தான் குடிப்போம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நான் சொற்களுக்குப் பொருள் எழுதுவேன், அவர் பிழை திருத்துவார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த வாரம் எனக்கு வந்த சொல் 'அம்பலம்'. ஆதியில் அது பலர் கூடும் பொதுவெளி, அவ்வளவுதான். மூடி வைத்தது நாலு பேர் நடுவில் வந்து விழுந்தால், அம்பலமாயிற்று என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு எழுத வேண்டும். கதை விடக்கூடாது, நடந்ததாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் கண்டிப்பு.

தங்கையை வளர்த்தவன் நான். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. தலை பின்னிவிட்டதுகூட நான்தான். எதுவானாலும் என்னிடம்தான் சொல்வாள். பிள்ளை பிறந்த மறுமாதம் அதையும் சொன்னாள்.

"அண்ணா, இவன் அவரோட பிள்ளை இல்ல. செத்தாலும் யார்கிட்டயும் சொல்லிடாத."

ஆறு வருடம் காதும் காதும் வைத்தாற்போல் காத்தேன்.

போன மாதம் மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகாதே என்று அவளிடம் கெஞ்சினேன். சிரித்தாள்.

"போண்ணா, எத்தனை நாளைக்கு உன்னையே கட்டிக்கிட்டு அழறது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அலுவலகத்தில் 'அம்பலம்' சொல்லுக்கான சீட்டில் எடுத்துக்காட்டு எழுதினேன்: 'அகராதியில் பிழை திருத்துபவரின் மகன் அவருக்குப் பிறந்தவனல்ல என்பது ஆறு ஆண்டுகளுக்குப் பின் அம்பலமாயிற்று.' பெயர் போடவில்லை. அச்சுப்படி வழக்கம்போல் மாப்பிள்ளையின் மேசைக்குப் போனது. அன்று நாலு மணிக்கு அவர் வரவில்லை.

மாலையே அவள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டானாம். அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவே இல்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தானே. ஒன்பது நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாம் நாள் காலை அவள் அறைக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அழுதேன் ஐயா, இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன்.

அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். படித்தால் அவள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்கிறார் ஆசிரியர். ஏன் எடுக்க வேண்டும்? எழுதியபோது அது நடக்கவில்லை, இப்போது நடந்துவிட்டது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. யாரிடமும் சொல்லாதே என்றாள். இன்றுவரை நான் வாய் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை.