சூப்பு ஆறிப்போன வழக்கு

...பேனா கூடாதாம், பென்சில்தான் கொண்டு வரணுமாம், தண்ணி கூடாதாம், பேசவும் கூடாதாம்! இது பழைய ஆவணம் படிக்கற எடமா, இல்ல ஆஸ்பத்திரியா? நான் மெதுவாத்தான் பேசறேன். நீங்க எழுதுங்க, எழுதுங்க... காது சும்மாதானே இருக்கு?

ஒரு சின்ன உதவிங்க. இந்தப் பெட்டிய உங்க மேசையில வெச்சுக்கறீங்களா? சாயங்காலம் மூடற வரைக்கும். ஒருத்தர்கிட்ட இருக்கறப்போ இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டாங்க பாருங்க... என் சம்சாரம் வந்துட்டு இருக்கா.

ஐயோ, திருட்டெல்லாம் இல்லைங்க! எழுந்திருக்காதீங்க, சொல்றேன்.

எல்லாம் என் மச்சானால வந்தது. எங்கெங்கயோ தேடி, அவங்க வம்சத்துல ஒரு பொண்ணு அந்தக் காலத்துல இந்த நாட்டுக்குக் கைதியா கப்பல்ல வந்தவன்னு கண்டுபிடிச்சுட்டான். துணி திருடினதுக்காக நாடு கடத்தி, ஒரு பெரிய வீட்டுல சம்பளமில்லாத வேலைக்காரியா விட்டுட்டாங்களாம். முன்னெல்லாம் இதை வெளிய சொன்னா அந்த வீட்டுல யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க. இப்போ? என் மாமியார் நடையே மாறிப்போச்சுங்க! விருந்துல எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கறாங்க. அப்புறம் மாமியார் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல யாராவது கஷ்டப்பட்டிருக்காங்களா மாப்ளே?" கல்யாணத்துக்கு வெறுங்கையோட வந்தவனப் பாக்கற மாதிரி ஒரு பார்வை!

விடுவேனா? "எங்க முன்னோரு சங்கிலியோட வந்தவரு"ன்னு அடிச்சு விட்டேன். என் பொண்ணு ஸ்கூல்ல அதப் பேசிப் பரிசே வாங்கிட்டா. சம்சாரம் மட்டும், "ஆதாரம் எங்கே?"ன்னா. சரின்னு வந்தேன்.

காலையில இந்தப் பெட்டியத் திறந்து பாக்கறேன்... எங்க முன்னோரு பேரு! கையெழுத்துக் கடைசியில ஒரு சுழி. நான் போடறேனே, அதே சுழி! புல்லரிச்சுப் போச்சுங்க. வெளிய ஓடி, போன் பண்ணி, "கிடைச்சுட்டாரு, உடனே கிளம்பி வா"ன்னுட்டேன். அப்புறம்தான் அடுத்த பக்கத்தத் திருப்பினேன்.

சங்கிலி இருந்துச்சுங்க. கால்ல இல்ல... சாவிக்கொத்துல.

அந்தப் பெரிய வீட்டு வேலைக்காரங்கள மேய்க்கற அதிகாரி அவரு! புகார் மேல புகாரா எழுதித் தள்ளியிருக்காரு. அதுல ஒண்ணு... அதே கப்பல், அதே பேரு, மச்சான் கண்டுபிடிச்ச அதே பொண்ணு! சூப்பு ஏன் ஆறியிருக்குன்னு இவரு கேட்டாராம். "ஊதற வேலை மிச்சம்தானே"ன்னாளாம் அவ. வார்த்தை மாறாம எழுதி வெச்சிருக்காரு, மகானுபாவன்! அதுக்குத் தலைய மழிச்சு, இருட்டறையில அடைச்சு, வெறும் ரொட்டியும் தண்ணியும்.

மொதல்ல சிரிப்புதாங்க வந்துச்சு. என் சம்சாரத்தோட வாயேதான்! அப்புறம் அந்தத் தலை மழிச்ச வரி... அதுக்குக் கீழயே அந்தச் சுழி... சிரிப்பு நின்னுபோச்சு.

வெச்சுக்கறீங்களா? நல்லாருப்பீங்க... ஏங்க, எங்க தூக்கிட்டுப் போறீங்க? உங்க மேசை இந்தப் பக்கம்! வாசல்ல நிக்கறது அவதாங்க... ஐயையோ, அவ கையிலயே குடுத்துட்டாரே!

உட்கார்ந்துட்டா... பிரிச்சுட்டா... கண்ணாடிய மறந்துட்டு வந்திருக்கா போல, தாளத் தள்ளித் தள்ளிப் பிடிக்கறா... ம்... என்னத்தான் கூப்பிடறா. படிச்சுக் காட்டணுமாம்.

வரேன்மா.