ஒரு டிகிரி இறங்கும் நேரம்

மீன் தொட்டிக்குச் சில்லர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு அய்யா. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று மட்டும் பார்ப்பார்கள். தண்ணீரைக் குளிர வைக்கும் அந்த மெஷின் எந்த அறையில் நிற்கப்போகிறது என்று யோசிக்க மாட்டார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூடு மாயமாகிவிடாது. பின்பக்க விசிறி அதை அறைக்குள்தான் தள்ளும். தொட்டி குளிரக் குளிர அறை வேகும்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான், நான் யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

பழவேற்காட்டில் இறால் வாங்கி ஏற்றும் ஒரு கம்பெனியின் குளிர் அறையில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். செத்ததைக் குளிர வைத்தே காலம் போயிற்று. போன வருடம் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்குச் சில்லர் ரிப்பேர் செய்யப் போனேன். கடைக்காரர் கூலியோடு ஒரு ஜோடி கோமாளி மீனையும் பையில் போட்டுக் கொடுத்தார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. உயிரோடு இருக்கிற ஒன்றைக் குளிர வைக்கும் வேலை எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஏரியை ஒட்டிக் குடியிருந்துகொண்டு தொட்டியில் மீன் வளர்த்தால் ஊர் சும்மா விடுமா. பக்கத்து வீட்டுக் குப்பன் தினமும் எட்டிப் பார்ப்பான். “இன்னா துளசிங்கம், மீனுக்கு ஏசி போட்டுக்கீறியாமே. போர்வை கீர்வை வேணும்னா சொல்லு, எங்கூட்ல கீது” என்பான். நானும் சிரித்துவிடுவேன். அந்த மீனுக்கு இருபத்தாறு டிகிரி வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும். கத்திரி வெயிலில் எங்கள் வீட்டுத் தண்ணீர் முப்பத்திரண்டைத் தொடும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு தங்காது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அய்யா.

என் தொட்டி இருநூறு லிட்டர். யார் கேட்டாலும், தேவைக்கு ஒரு படி பெரிய சில்லராக வாங்கு, அப்போதுதான் அது ஓய்வெடுத்து ஓடும் என்று சொல்வேன். எனக்கு மட்டும் ஒரு படி சிறியதாக வாங்கினேன். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்ற கணக்கு. அந்த இன்வெர்ட்டர் மீனுக்காக வாங்கியது இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அது என் மனைவி ஜமுனாவுக்காக வாங்கியது. மூன்று வருடமாக அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் வைத்து, ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு. மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருக்கும் எங்கள் மகள் நந்தினிதான் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினாள். “கரண்ட் போச்சின்னா அம்மா மிஷினு மட்டும்தான் இதுல ஓடணும் நைனா. டிவி, ஃபேனு எதையும் சொருவாத” என்றாள். பேட்டரி பழசு. ஆக்சிஜன் மெஷின், சில்லர் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கத்திவிட்டு நின்றுவிடும். அதை நான் முன்பே ஒரு நாள் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் வெயில் படாத அறை ஒன்றுதான். அதில்தான் ஜமுனாவின் இரும்புக் கட்டில் கிடந்தது. தொட்டியையும் அங்கேதான் வைத்தேன். வேறு எங்கே வைப்பது. சில்லரின் சூட்டுக் காற்று அவள் கால் பக்கம் போயிற்று. “உம் மீனோட சூட்டையெல்லாம் எம்மேல வுடறியேய்யா” என்று ஒரு தடவை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் சில்லரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பிறகு குழாய் மடங்குகிறது என்று பழையபடியே வைத்துவிட்டேன்.

ஜமுனா அதிகம் பேச மாட்டாள். பேசினால் மூச்சு வாங்கும். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் கையால் தட்டுவாள். அது ஏரிப் பழக்கம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பதால் வாய் திறக்க முடியாது. அதனால் உள்ளங்கையால் தண்ணீரை அடித்துச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால், இங்கே வா. அடுத்தடுத்து இரண்டு தட்டு என்றால், நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன். இருபது வருடம் ஏரியில் தட்டியவள், கட்டிலிலும் அப்படியேதான் தட்டினாள்.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, சாயங்காலம்தான் வரும் என்று குப்பன் சொல்லிவிட்டுப் போனான். ஜமுனாவின் மெஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் தொட்டியின் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தொட்டியில் ஒட்டியிருந்த பேட்டரி தெர்மாமீட்டரின் டிஸ்ப்ளேயில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. பெண் மீன் மேலே வந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

குளிப்பாட்டும்போது பத்து நிமிடம் வரை குழாயை எடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைத்துத்தான், “பதினஞ்சி நிமிசம் பொறுத்துக்கோ ஜமுனா, தண்ணி கொஞ்சம் எறங்கட்டும்” என்றேன். அவள் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சீக்கிரம்யா” என்றாள். நான் அவளுடைய பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில்லரின் பிளக்கைச் சொருகினேன்.

இருநூறு லிட்டர் தண்ணீரை அந்தச் சில்லர் ஒரு டிகிரி இறக்க ஒரு மணி நேரம் ஆகும். இதில் நான் ஒருநாளும் தப்புக் கணக்குப் போட்டதில்லை. பதினைந்து நிமிடம் என்று சொன்னபோதும் எனக்கு அது தெரியும்.

உட்கார்ந்து எண்ணைப் பார்த்தேன். பெண் மீன் மெல்ல நடுத் தண்ணீருக்கு இறங்கியது. ஆண் மீன் அதன் பின்னாலேயே போயிற்று. கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நான் திரும்பவில்லை. இருபத்தேழு புள்ளி ஏழு வந்ததும் எழுந்து, சில்லரை எடுத்துவிட்டு அவள் மெஷினை மாட்டினேன். மெஷின் ஓடியது. அவளுக்குத்தான் அது தேவைப்படவில்லை. குழாயைச் சரியாக மூக்கில் வைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, நந்தினிக்குப் போன் செய்தேன்.

மகள் மூன்றரைக்கு வந்தாள். தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து அழுதார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்த நந்தினி தொட்டியைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீரில் கையை வைத்தாள். “காலைலேர்ந்து கரண்ட் இல்லாத வூட்ல தண்ணி எப்படி ஜில்லுனு கீது நைனா” என்றாள். அவள் படிக்காத பெண். ஆனால் மெக்கானிக் மகள். அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நல்லது. நான் பிடுங்கினேன், அவள் செத்துப்போனாள். அதை நான் மறுக்கவில்லை. மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். யாராவது கடலில் விட்டுவிடப் போகிறார்கள், எங்கள் கடலின் சூட்டை அவை தாங்காது என்று நந்தினியிடம் சொல்லுங்கள்.

இங்கே தாழ்வாரத்தில் ஒரு வாட்டர் கூலர் இருக்கிறது அல்லவா. அதன் கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும்போது டக் என்று ஒரு சத்தம். நிற்கும்போது இன்னொரு சத்தம். இரண்டு நாளாக நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சத்தம் வந்ததும் உடம்பு தானாக எழுந்துவிடப் பார்க்கிறது. எழுந்து எங்கே போவது. அடுத்தது வருகிற வரைக்கும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அது வந்தால்தான் மூச்சு விட முடிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அய்யா. அதை நிறுத்திவைக்க முடியுமா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவள் தட்டியபோது மணி பார்க்கவில்லை. டிஸ்ப்ளேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தட்டு கேட்டபோது இருபத்தெட்டு புள்ளி நாலு. அடுத்த தட்டு கேட்டபோது சரியாக இருபத்தெட்டு. நடுவில் இருபத்து நாலு நிமிடம். முதல் தட்டு பலமாக இருந்தது. அடுத்தது நகம் பட்டதுபோல இருந்தது, காது கொடுத்ததால் கேட்டேன்.

அந்த இடைவெளியை எழுத வேண்டாம் அய்யா. இரண்டு தட்டு தட்டினாள் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு என்றால் எங்கள் வழக்கத்தில், நீ போ என்று அர்த்தம்.