டேன் எழுபதை யார் முதலில் போடுவது?

மனிஷா: ரெண்டு பேரும் போனை இந்தத் தட்டுல வைங்க. அம்மா, உன்னுதும்தான்.

பூங்குழலி: அடுப்புல பருப்பு கெடக்குதுடி…

மனிஷா: அணைச்சாச்சு. அப்பா, அந்தப் பேப்பரக் கீழ வை. கிரிக்கெட் ஸ்கோரு எங்கயும் ஓடிப் போயிராது.

சந்துரு: இது வீடா, பரீச்சை ஹாலா அம்முணி? ஞாயித்துக்கெழமை அதுவுமா, பெத்தவங்களக் கணக்குப் போட ஒக்கார வச்ச மொதப் புள்ள நீயாத்தான் இருப்பே.

மனிஷா: பின்னே? ரெண்டு வாரமா "நீ போ", "இல்லீங்க, நீங்க போங்க"ன்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. மைசூர்ல வேற எந்த வீட்லயாச்சும், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல நல்ல வேலை கெடச்சதுக்கு இப்படி ஒப்பாரி வைப்பாங்களா?

பூங்குழலி: ஒப்பாரி எங்கடி வச்சோம்? உங்கப்பாவ ஓசூர் ஃபேக்டரிக்கே மேனேஜராக் கூப்பிடறாங்க. இத்தனை வருசம் மெஷினோட மெஷினா நின்னதுக்குக் கெடச்சது. அதப் போயி வேண்டாம்னு சொன்னா…

சந்துரு: உனக்குக் கெடச்சது மட்டும் ரோட்டுல கெடந்ததா? கவர்மெண்ட் காலேஜ்ல கணக்கு லெக்சரரு! நாலு தடவை பரீச்சை எழுதி வாங்குனது. இங்க பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா குண்டலுபேட்டை வந்துரும்.

பூங்குழலி: நான் பஸ்ஸுல தூங்கறதே இல்ல.

சந்துரு: ஆமா ஆமா. கொள்ளேகாலுக்கு உங்கம்மா வீட்டுக்குப் போறப்ப, நரசிபுரம் தாண்டறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு குறட்டை விடறது வேற யாரோ.

பூங்குழலி: குறட்டையா? நானா?

மனிஷா: ஆரம்பிச்சாச்சு! நிறுத்துங்க. மறுபடியும் சொல்றேன், கேட்டுக்குங்க. அப்பா ஓசூர் போனா வீடே ஓசூர் போகணும், அம்மா புது வேலைய விடணும். அம்மா குண்டலுபேட்டைல சேர்ந்தா நாம மைசூர்லயே இருக்கலாம், ஆனா அப்பா ஓசூர விடணும். ரெண்டும் வேணும்னா…

பூங்குழலி: மூணு பேருக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு அடுப்பு. அது மட்டும் நடக்காது.

சந்துரு: சரி, உனக்கு எது வேணும் அம்முணி? அதச் சொல்லேன், முடிஞ்சுது.

மனிஷா: என்னைக் கேக்காதே. நான் அம்பயரு. அம்பயர் பேட் பிடிக்கக் கூடாது. நேத்து ஒத்துக்கிட்டதுதான். ஒரே ஒரு கணக்கு. யாரு மொதல்ல போடறாங்களோ, அவங்க வேலை. தோத்தவங்க அப்புறம் மூக்கால அழக் கூடாது. அம்மா நாளைக்குக் காலைல சேரணும், இல்லைன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். நீயும் நாளைக்குத்தானே கம்பெனிக்குப் பதில் சொல்லணும்?

சந்துரு: ஆ… ஆமா. நாளைக்குத்தான்.

பூங்குழலி: நாளைக்கேதானுங்களா?

சந்துரு: அதான் சொன்னேனே. நாளைக்கு.

மனிஷா: நல்லது. மொதல்ல சும்மா ஒரு வார்ம்-அப். சைன் எழுபத்தஞ்சு…

சந்துரு: நாப்பத்தஞ்சும் முப்பதும். சைன் காஸ் ப்ளஸ் காஸ் சைன்… ரூட் மூணு ப்ளஸ் ஒண்ணு…

பூங்குழலி: …பை ரெண்டு ரூட் ரெண்டு.

மனிஷா: அடேயப்பா! மேல அப்பா, கீழ அம்மா. கல்யாணப் பொருத்தம் இதுலதான் பாத்தாங்களா?

சந்துரு: நாள் பூரா மெஷினுக்குக் கோணம் குடுக்கறவன் நானு. என்கிட்டப் போயி எழுபத்தஞ்சா!

பூங்குழலி: நாள் பூரா ட்யூசன் பசங்களோட மாரடிக்கறவ நானு. என்கிட்ட?

மனிஷா: சரி சரி, பெருமை போதும். இப்ப நெஜக் கணக்கு. எழுதிக்குங்க. டேன் எழுபது ஈக்வல் டு… டேன் இருபது ப்ளஸ் ரெண்டு டேன் அம்பது. இத நிரூபிக்கணும். கால்குலேட்டர் இல்ல, பக்கத்துப் பேப்பர எட்டிப் பாக்கறது இல்ல. ரெடி… ஷுரு, ஆரம்பிங்க!… என்ன, ஒருத்தர்கூட பேனா மூடியத் தொறக்கல?

சந்துரு: யோசிக்க வேண்டாமா? இருபது… அம்பது… வில்லங்கமான கோணமா இருக்குதே. முப்பது, நாப்பத்தஞ்சுன்னா பரவால்ல.

பூங்குழலி: ஆமாடி. டேன் இருபதுக்கெல்லாம் மதிப்பு யாருக்குத் தெரியும்?

மனிஷா: மதிப்பு கேக்கல. நிரூபிக்கச் சொன்னேன்.

சந்துரு: சரி, நான் ஆரம்பிக்கறேன். ரெண்டு அம்பது நூறு. நூறும் இருபதும் நூத்தியிருபது. அப்ப வலது பக்கம் டேன் நூத்தியிருபது…

மனிஷா: அப்பா!

சந்துரு: என்னம்முணி?

மனிஷா: டேனத் தனியாக் கழட்டி வெளில எடுக்க அது என்ன ஆணில மாட்டுன சட்டையா? டேன் ஏயும் டேன் பியும் கூட்டுனா, டேன் ஏ ப்ளஸ் பி ஆயிருமா? எங்க மிஸ் பாத்தாங்கன்னா பேப்பரக் கிழிச்சு ஜன்னல் வழியா வீசுவாங்க.

சந்துரு: ஓ… ஆகாதா? வயசாயிருச்சு பாரு, மறந்துருது.

பூங்குழலி: சைன் எழுபத்தஞ்ச இப்பத்தானே பட்டுன்னு சொன்னீங்க?

சந்துரு: அது… ஏதோ வாய்ல வந்துருச்சு. நீ போடு. நீதானே டீச்சரு.

பூங்குழலி: நானும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். எல்லாத்தையும் சைன், காஸா மாத்திட்டேன். பக்கமே நெறஞ்சு போச்சு. இப்ப ரெண்டு பக்கமும் டேன் தொண்ணூறால வகுத்துப் பாக்கலாமான்னு…

மனிஷா: எதால?

பூங்குழலி: டேன் தொண்ணூறால. அது ஒண்ணுதானே?

மனிஷா: அம்மா… டேன் தொண்ணூறுக்கு மதிப்பே கெடையாது. டேன் நாப்பத்தஞ்சுதான் ஒண்ணு. பக்கத்து வீட்டு சக்தி இதையே எழுதுனப்ப நீ அவன் தலைல கொட்டுனே!

பூங்குழலி: மெதுவாத்தான் கொட்டுனேன்.

சந்துரு: குண்டலுபேட்டைப் பசங்க பாவம்.

பூங்குழலி: ஓசூர் மெஷினெல்லாம் அதவிடப் பாவம். நூத்தியிருபதாம்!

மனிஷா: யாரோ போன் பண்றாங்க… அப்பா, உன்னுது. லிங்கப்பன் மாமா.

சந்துரு: எடுக்காதே!

மனிஷா: உன்கூட வேலை செய்யறவருதானே? ஏதாச்சும் அவசரமா இருக்கும்.

சந்துரு: போட்டி நடக்கறப்ப போனா? அம்பயர் நீதானே சட்டம் போட்டே. அடிச்சு ஓயட்டும்.

பூங்குழலி: எடுத்துத்தான் பேசுங்களேன். பாவம், நல்ல விசயமாக்கூட இருக்கும்.

சந்துரு: அவன்கிட்ட என்ன நல்ல விசயம்? லீவு கேப்பான். கட் பண்ணு அம்முணி.

பூங்குழலி: ம்ம்… லீவுதான். நீங்க சொன்னாச் சரி.

மனிஷா: நின்னுருச்சு. கணக்கப் பாருங்க. எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?

சந்துரு: நான் எழுபதை அறுபது ப்ளஸ் பத்துன்னு பிரிச்சுட்டேன். இப்ப டேன் பத்து எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிட்டு இருக்கறேன்.

மனிஷா: நீயேதான் கொண்டு வந்தே! தேவரே, கடவுளே… சரி, ஒரு க்ளூ. ரெண்டு பேருக்கும் பொதுவா. இருபதும் அம்பதும் எவ்வளவு?

சந்துரு: …எழுபது.

பூங்குழலி: எழுபதுதான்.

மனிஷா: அப்ப?

சந்துரு: அப்ப… அப்ப என்ன?

பூங்குழலி: தற்செயலா அமைஞ்சிருக்கும்.

மனிஷா: தற்செயலா!

சந்துரு: பூங்கு, உனக்கு ஏதோ தோணிருச்சு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சீக்கிரம் எழுது.

பூங்குழலி: எனக்கு ஒண்ணும் தோணலீங்க. உங்க கைதான் துடிக்குது. நீங்க எழுதுங்க.

சந்துரு: இதுல மை வர மாட்டேங்குது.

மனிஷா: இந்தா, வேற பேனா.

சந்துரு: இது பச்சை மையி. ஆபீசருங்கதான் பச்சைல எழுதணும்.

பூங்குழலி: அப்படின்னா நான் போயி பருப்பத் தாளிச்சுட்டு…

மனிஷா: ஒக்காரு! ரெண்டு பேரும் ஒக்காருங்க. போதும். நடிக்கத் தெரியலைன்னா நடிக்காதீங்க.

சந்துரு: யாரு நடிச்சா?

மனிஷா: போன வாரம் டேன் எண்பது ஈக்வல் டு டேன் பத்து ப்ளஸ் ரெண்டு டேன் எழுபதுன்னு ஒரு கணக்கு வராம நான் அழுதுட்டு ஒக்காந்திருந்தேன். ஃபேக்டரிக்குக் கெளம்பற அவசரத்துல, ஒரு கால்ல மட்டும் ஷூவ மாட்டிக்கிட்டு, அத மூணே வரில போட்டுக் குடுத்தது யாரு? அப்பவும் சரியாப் புரியல. சாயங்காலம் அம்மாகிட்டக் கேட்டேன். பேனாவே எடுக்காம, வெங்காயம் உரிச்சுக்கிட்டே வாயால போட்டது யாரு? அதே கணக்குதான் இது! எண்பதை எழுபதாக்குனேன், பத்தை இருபதாக்குனேன், கடைசி எழுபதை அம்பதாக்குனேன். வேற ஒண்ணுமே மாத்தல. ஜெயிக்கறதுக்குப் போட்டி வச்சா, ரெண்டு பேரும் தோக்கறதுக்குல்ல போட்டி போடறீங்க!

சந்துரு: அது வந்து அம்முணி…

மனிஷா: எது வந்து? ஏன் இப்படிப் பண்றீங்க? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க.

பூங்குழலி: உங்கப்பாவக் கேளு.

சந்துரு: ஏன், நீ சொல்லேன்.

பூங்குழலி: இல்லீங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.

சந்துரு: என்ன சொல்ல… எனக்கு ஓசூர் போக இஷ்டமே இல்ல. அங்க போனா காலைல ஒரு மீட்டிங், மத்தியானம் ஒரு மீட்டிங். யாருக்கு லீவு, யாரு மேல புகாருன்னு ஏசி ரூம்ல ஒக்காந்து பஞ்சாயத்துப் பண்ணணும். எனக்கு மெஷின் எண்ணெய் வாசனை இல்லாம சோறே எறங்காது.

மனிஷா: இதச் சொல்றதுக்கா ரெண்டு வாரம்?

சந்துரு: சொன்னா உங்கம்மா நம்பணுமே! "எனக்காக விட்டுக் குடுத்துட்டீங்க"ன்னு பஸ்ஸே ஏற மாட்டா. கல்யாணமான புதுசுல அவளுக்குக் கோயமுத்தூர்ல மேல படிக்க எடம் கெடச்சுது. நானும் அங்கயே வேலை தேடிக்கறேன்னு சொன்னேன். அவ்வளவுதான், எனக்காக நீங்க இருக்கற வேலைய விட வேண்டாம்னு கட்டுன பெட்டியப் பிரிச்சுத் துணியத் திரும்ப மடிச்சு வச்சுட்டா, படிக்கவே போகல. அதனால இந்தத் தடவை நான் குடுத்த மாதிரி இருக்க வேண்டாம், அவளே ஜெயிச்சுப் போகட்டும்னு…

பூங்குழலி: அவ்வளவுதானா?

சந்துரு: என்ன அவ்வளவுதானா?

பூங்குழலி: சொல்ல வேண்டியது அவ்வளவுதானா, இன்னும் இருக்குதுங்களா?

சந்துரு: இன்னும்… கொஞ்சூண்டு இருக்குது.

மனிஷா: அப்பா?

சந்துரு: நாளைக்குப் பதில் சொல்லணும்னு சொன்னேன்ல… அது சும்மா. போன வாரமே ஓசூர் வேண்டாம்னு எங்க கம்பெனிப் பெரியவருகிட்டச் சொல்லிட்டேன். அந்த எடத்துக்கு லிங்கப்பன் போறான்.

மனிஷா: அய்யோ தேவரே! இல்லாத வேலைக்கா போட்டி போட்டே? நீ ஜெயிச்சுத் தொலைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?

சந்துரு: அந்தப் பயத்துலதானே நூத்தியிருபதுன்னு எழுதுனேன்!

மனிஷா: சிரிக்காதேப்பா, அம்மாவப் பாரு. உன்னையே பாத்துட்டு இருக்காங்க.

சந்துரு: பூங்கு… கோவமா? ரெண்டு திட்டாச்சும் திட்டு புள்ள. இப்படிப் பாக்காதே.

பூங்குழலி: அந்தப் பேனாவக் குடுங்க.

சந்துரு: எதுக்கு?

பூங்குழலி: குடுங்கன்னா! மனிஷா, பக்கத்துல வந்து பாரு. எழுபதுங்கறது இருபதும் அம்பதும். அப்ப டேன் எழுபதுன்னா, மேல டேன் இருபது ப்ளஸ் டேன் அம்பது. கீழ ஒண்ணு மைனஸ் டேன் இருபது டேன் அம்பது. குறுக்கால பெருக்கு. இடது பக்கம் ஒரு டேன் எழுபது நிக்குது. அதோட மைனஸ் டேன் எழுபது, டேன் இருபது, டேன் அம்பது, மூணும் ஒண்ணாப் பெருக்கி.

சந்துரு: அதுல எழுபதும் இருபதும் சேர்ந்தா…

பூங்குழலி: பெருக்கத்தான் குறுக்கால. நீங்க குறுக்கால பேசாதீங்க. எழுபதும் இருபதும் சேர்ந்தா தொண்ணூறு. அதனால அந்த ரெண்டு டேனையும் பெருக்குனா ஒண்ணு. மிச்சம் மைனஸ் டேன் அம்பது மட்டும். அதத் தூக்கி வலது பக்கம் வையி. அங்க ஏற்கெனவே ஒரு டேன் அம்பது இருக்குது. ரெண்டாச்சு. முடிஞ்சுது.

மனிஷா: அம்மா ஜெயிச்சாச்சு! குண்டலுபேட்டை! அப்பா, கையத் தட்டு!

சந்துரு: தட்டிட்டேன், தட்டிட்டேன்!

மனிஷா: இரு இரு… அம்மா, அப்பா இவ்வளவு பெரிய குண்டத் தூக்கிப் போட்டாரு, நீ கொஞ்சங்கூட அதிரலையே? எழுத்துகூடக் கோணல. அப்ப நீ எதுக்கு டேன் தொண்ணூறு ஒண்ணுன்னு நடிச்சே?

பூங்குழலி: புதன்கெழமையே தேவராஜா மார்க்கெட்ல லிங்கப்பன் சம்சாரத்தப் பாத்தேன்டி… "உங்க வீட்டுக்காரரு ஏசி ரூமு எனக்கு ஆகாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாராம், அவரு புண்ணியத்துல நாங்க ஓசூர் போறோங்க்கா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன் தன் வாயால எங்கிட்டச் சொல்ற வரைக்கும் ஜெயிக்கறதில்லைன்னுதான் ஒக்காந்திருந்தேன். நாளைக்குக் காலேஜுக்குக் கட்டிட்டுப் போற சீலைக்கு நேத்தே இஸ்திரி போட்டாச்சு.