அஞ்சு அம்பத்தஞ்சு பஸ்

எனக்கு முன்னாடி பேசின நண்பர் கேட்டாரு... "ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு எதுக்குய்யா சம்பளம் போட்டு முழுநேர ரெஃப்ரி?" நல்ல கேள்வி. எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டி முடிச்சப்புறம்தான் உறைச்சுது... இதுக்குப் பதில் சொல்லத்தான் என்னை மேடையில ஏத்தியிருக்காங்க!

அதனால ஒரு சின்னக் கதை சொல்லிடறேன், கேளுங்க. கதைன்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன். என் மானம் போன விஷயம் இது.

இந்தக் கால்பந்துச் சங்கத்துல என்னை ரெஃப்ரி ஞானப்பிரகாசம்னு தெரியும். ஊருக்கு என்னைக் கண்டக்டராத்தான் தெரியும். டவுன் பஸ். காக்கிச் சட்டை, அதுக்குள்ள ரெஃப்ரி ஜெர்சி. காக்கிப் பேன்ட், அதுக்குள்ள கால்சட்டை. சித்திரை வெயில்ல யோசிச்சுப் பாருங்க! ஒரு மேட்ச்ல மஞ்சக் கார்டை எடுக்கிறேன்னு டிக்கெட் கட்டை எடுத்து ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டேன். அவன் பவ்யமாக் கையை நீட்டி, "பஸ் ஸ்டாண்டு ஒண்ணு குடுங்க சார்"ங்கிறான். இவனை நான் வெளியே அனுப்பவா, உள்ளே ஏத்தவா?

சிரிங்க, சிரிங்க. இனிமேதான் இருக்கு.

ஒரு லீக் மேட்ச். மேலத்தெரு டீமும் காலனி டீமும். டிரா ஆனா காலனி ஃபைனலுக்குப் போகும். மேலத்தெரு போகணும்னா ஜெயிச்சே ஆகணும். ஃபைனலுக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரிங்க வர்றாங்க, விளையாட்டு ஒதுக்கீட்டுல. மேலத்தெரு ஃபார்வர்டு சகாயராஜுக்கு அதுதான் கடைசி வருஷம். வயசு வரம்பு தாண்டுது. ஆட்டத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்து கை குடுத்தான். கை ஜில்லுன்னு இருந்துச்சு.

நாலு மணி ஆட்டம். சிறப்பு விருந்தினர் வந்து, எல்லாருக்கும் கை குடுத்து, பந்தை உதைச்சு, பந்து போகாம செருப்பு போயி... ஆரம்பிக்கும்போது நாலு பத்து. எனக்கு டியூட்டி அஞ்சு அம்பத்தஞ்சு பஸ். மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பஸ் ஸ்டாண்டு. லேட்டா வந்ததுக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவது வாங்கினா சஸ்பெண்டு.

ரெண்டாவது பாதியில காலனி கோல்கீப்பர் கால் பிசகிப் படுத்துட்டாரு. நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தைக் கடைசியில சேர்த்துக் குடுக்கணும். சட்டம். எனக்குத் தெரியாதா? பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான்!

அஞ்சு அம்பது. இடைவேளை போக, தொண்ணூறு நிமிஷம் முடியுது. ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு. சகாயராஜ் ரெண்டு பேரைத் தாண்டிப் போறான்... கோல்கீப்பர் முன்னால வர்றாரு... அடிக்கிறான்... பந்து போயிட்டிருக்கு...

நான் பந்தையா பார்த்தேன்? வாட்சைப் பார்த்தேன். ஊதிட்டேன்.

பந்து வலைக்குள்ள கிடக்கு. கோல் இல்லை! ஆட்டம் முடிஞ்சுது! "சார்... சார்... நாலு நிமிஷம் இருக்கு சார்!"னு பதினோரு பேரும் ஓடி வர்றாங்க. நான் அதுக்கு மேல ஓடுறேன். தொண்ணூறு நிமிஷத்துல அவ்வளவு வேகமா நான் ஓடினதே இல்லை. சுவரைத் தாண்டி, காக்கியை மாட்டி, பையைத் தூக்கி... பஸ்ல ஏறும்போது அஞ்சு அம்பத்தி நாலு. ஜெயிச்சுட்டேன்!

திரும்பிப் பார்க்கிறேன்... அதே பஸ்ல மேலத்தெரு டீம் ஏறுது. ஒவ்வொருத்தரா. கடைசியா சகாயராஜ். என் சீட்டுக்குப் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"மணி என்ன சார்?"

"ஆறாகப் போகுதுப்பா."

"பஸ்ஸு அஞ்சு அம்பத்தஞ்சுதானே சார்?"

"ஆமாப்பா..."

"ஏன் சார் இன்னும் எடுக்கல?"

வெளியே டீக்கடையில எங்க டிரைவர் தங்கமாரி அண்ணன் நிக்கிறாரு. எண்ணெய்ல வடை மிதக்குது. அவரு என்னைப் பார்த்து, "இருப்பா ஞானம், இந்த ஈடு எடுத்துரட்டும்"ங்கிறாரு.

"டிரைவர்... வடை வேகட்டும்னு நிக்கிறாருப்பா."

சகாயராஜ் அந்தப் பக்கம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "சரி சார்... வேகட்டும்"னான்.

அவ்வளவுதான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். சட்டையைப் பிடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அன்னைக்கு டிப்போவுக்குத் திரும்பினப்போ கணக்கு எழுதக் கை வரல எனக்கு. ஃபைனல்ல காலனிப் பசங்க ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சுது. நல்ல பசங்க, சந்தோஷம். சகாயராஜ் இப்போ டைல்ஸ் கடையில லோடு ஏத்துறான். நான் ரிட்டயர் ஆகிறவரைக்கும் என் பஸ்லதான் வேலைக்குப் போனான். "வணக்கம் சார்"னு சொல்லுவான். அந்த வணக்கத்தை வாங்கிக்க எனக்கு என்னய்யா தகுதி இருக்கு?

பெரியோர்களே, முழுநேர ரெஃப்ரி தப்பே பண்ண மாட்டான்னு நான் சொல்லல. பண்ணுவான். ஆஃப்சைடு தப்பாகும், பெனால்டி தப்பாகும். கண்ணு மனுஷக் கண்ணுதானே? ஆனா என் கண்ணு அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மனசுதான் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்னுச்சு. அதை எந்தப் பயிற்சி வகுப்புல சரி பண்ணுவீங்க? ஒருத்தனுக்குச் சோறு ஒரு இடத்துல, விசில் இன்னொரு இடத்துலன்னு வச்சுட்டு, நடுநிலையா இரு, நிதானமா இருன்னா... அவன் எங்கே போய் இருப்பான்?

முழுநேர ரெஃப்ரி வேணுங்கிற தீர்மானம் உங்க முன்னால இருக்கு. எனக்காக யாரும் கை தூக்க வேண்டாம். எனக்கு அறுபத்தி மூணு வயசு, முட்டி ரெண்டும் போச்சு, வேலை குடுத்தாலும் ஓட முடியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாருங்க. பந்தை நம்பியே பொழச்சுடலாம்னு இருந்தவன் சகாயராஜ். பந்தை ஓய்வு நேரத்துல பார்த்துக்கலாம்னு இருந்தவன் நான். அவன் ஆட்டத்தை முடிச்சு வைக்கிற விசிலை, நீங்க என் கையில குடுத்திருந்தீங்க.